உதிரியில் போன ரெண்டு ரன்

அன்பு வாலுக்கு,

இங்கே எல்லாரும் நலம் என்று எழுத முடியாது. நீயாவது உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறாய் என்று நம்புகிறோம். இது அப்பா உனக்கு எழுதும் கடிதம். போன மாதம் பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு வலது கை எழவில்லை, பேச்சும் வரவில்லை, அதனால் கை மட்டும் என்னுடையது. ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டுகிறேன், சரி என்றால் கண்ணை மூடித் திறக்கிறார், பிடிக்காவிட்டால் இடது கையால் மெத்தையைத் தட்டுகிறார். இதுவரை நாலு தட்டு வாங்கிவிட்டேன். உன் அண்ணனுக்கு மெஷின் ரிப்போர்ட் மாதிரிதான் எழுத வரும், பொறுத்துக்கொள்.

இந்த வருடத்தின் சிறந்த வீராங்கனை என்று உன் படம் பேப்பரில் வந்ததை அம்மா அஞ்சு காப்பி வாங்கி வைத்திருக்கிறாள். கோப்பையைப் பார்க்காமல் உன் கன்னத்தைப் பார்த்து, வேளைக்குச் சாப்பிடுகிறாளா இல்லையா என்று என்னைக் கேட்கிறாள், எனக்கு என்ன தெரியும். அப்பா அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார், அப்புறம் பரணைக் காட்டினார். நான் ஏணி போட்டு ஏறி பழைய ரேடியோவை எடுத்துக் கொடுத்தேன், இல்லை என்று தலையாட்டினார், டார்ச்சை எடுத்தேன், அதுவும் இல்லை, பெட்டியை எடுத்தேன், இல்லை. வேலைக்கு நேரமாகிற எரிச்சலில் என்னதான் வேணும்னு வாயத் தொறந்து சொல்லித் தொலைங்களேன் என்று கத்திவிட்டேன். கத்தின பிறகுதான் யாரிடம் என்ன சொன்னேன் என்று உறைத்தது. இந்த வரியைப் படித்ததும் தட்டினார், எடுத்துவிடு என்று. எடுக்க மாட்டேன்.

அவர் கேட்டது, அவரே ஸ்கோரராக உட்கார்ந்து எழுதின ஸ்கோர் புத்தகம். ஆறு வருடத்துக்கு முந்தின லீக், நீ வீட்டை விட்டுப் போவதற்கு முந்தின கடைசி மேட்ச். அந்த வருட விருது ஒரே ஒரு பாயின்ட்டில் உன் கையை விட்டுப் போனது, அதோடு பயிற்சி முகாமில் இருந்த இடமும் போனது. நீ அடித்த ரெண்டு ரன்னை அப்பா, காலில் பட்டுப் போன லெக் பை என்று, யார் கணக்கிலும் சேராத உதிரியில் எழுதியிருந்தார். பேட்டில் பட்டது என்று நீ அழுதாய், எழுதினது எழுதினதுதான் என்றார், அவரே தப்புன்னு சொல்ற வரைக்கும் பேச மாட்டேன் என்று போனாய். இன்றுவரை அம்மாவோடுதான் பேசுகிறாய்.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. எதிர் டீமின் ஸ்கோரர் அன்றைக்கு வரவில்லை, அப்பா ஒருத்தர்தான், பக்கத்தில் உட்கார்ந்து பவுலர் யார் என்று சொல்லிக்கொண்டிருந்தது நான். லெக் பை என்றால் அம்பயர் முட்டியைத் தூக்கித் தட்டிக் காட்ட வேண்டும். அவர் காட்டவில்லை. நான் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து பின் வரிசையில் இருந்த தையல் கடைக்காரர், அப்பன் கையில பென்சில் இருக்கிற வரைக்கும் அந்தப் பொண்ணுக்கு என்ன குறைச்சல் என்றார், நாலு பேர் சிரித்தார்கள். அப்பா காது சிவந்துபோனது. பென்சில் உன் பெயருக்கு நேராகப் போய் நின்றது, அப்புறம் கீழே இறங்கி உதிரியில் எழுதியது. நானும் வாயைத் திறக்கவில்லை. இப்போது கம்பெனியில் தராசுகளைச் சரிபார்ப்பதுதான் எனக்கு வேலை. சொந்தக்காரன் பக்கம் சாயக்கூடாது என்று எதிர்ப்பக்கம் சாய்கிற தராசையும் நான் ரிப்பேருக்குத்தான் அனுப்புவேன். அன்றைக்கு அனுப்பவில்லை, அது என் தப்பு.

அப்பா அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி சைகை காட்டினார். இடது கையில் பென்சிலைப் பிடிக்கவே கால் மணி நேரம் ஆனது, மூன்று தடவை கீழே விழுந்தது, நான் பிடித்து எழுத வைக்கிறேன் என்றதற்குத் தட்டு விழுந்தது. உதிரியில் இருந்த ரெண்டை அடித்தார், உன் வரிசையில் ரெண்டு போட்டார், கோணல்மாணலாக, ஒண்ணாம் கிளாஸ் பிள்ளை எழுதினது மாதிரி. பிறகு மொத்தத்தைக் காட்டி என்னைக் கூட்டச் சொன்னார். டீம் மொத்தம் மாறவில்லை. யாருக்கும் ஒரு ரன்கூட நஷ்டமில்லை, உனக்கு மட்டும் ஆறு வருடம் போனது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா வந்து தலையணை உறையை மாற்றினாள்.

இப்போது நீ போன் செய்தாலும் அவரால் பதில் சொல்ல முடியாது. இன்னும் எத்தனை நாள் என்று கேட்டால் டாக்டர் பேச்சை மாற்றுகிறார். எனக்கு மாற்றத் தெரியாது, அதிக நாள் இல்லை.

அம்மா முட்டிக்குக் கட்டுப் போடாமல் ஓடாதே என்று எழுதச் சொன்னாள். நீ எங்கே நின்றாலும் நன்றாக இருக்க வேண்டும் என்பது இருவர் ஆசியும். மறக்காமல் இதைக் கேள். அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கடிதத்தோடு வைக்கச் சொல்லி அப்பா சைகை காட்டினார். ஸ்கோர் புத்தகத்தில் பக்கம் கிழிக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான், அதனால் மாட்டேன் என்றுவிட்டேன். போட்டோ எடுத்தும் அனுப்ப மாட்டேன். புத்தகம் அவர் தலைமாட்டில் திறந்தபடி இருக்கிறது. வந்து பார்.

இப்படிக்கு,
உன் அப்பா
(கை: அண்ணன்)