பூக்கடைக்காரன் படமும் அத்தான் சிரித்ததும்

சிரிக்கச் சிரிக்கப் பேசி என்னை வளர்த்த செல்லம்மா அக்காவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் படக் கொட்டகையில் இருந்தவர்கள்: உன் வீட்டுக்காரர், உன் மகள் ரஞ்சிதம், நான், என் வீட்டுக்காரர், அப்புறம் பூக்கடை முருகேசு. ஆக ஐந்து பேர். வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் அல்லவா, ஆளை எண்ணாமல் எனக்குக் கதை வராது. உன்னையும் சேர்த்து ஆறு என்று எழுதத்தான் முதலில் கை போனது.

துக்கம் கழியாமல் படத்துக்குப் போகலாமா என்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது. கோயில் பூசாரியிடம் கேட்டேன். விசேஷ வீட்டுக்குத்தான் போகக் கூடாது, சிரிக்கக் கூடாது என்று எங்கும் சொல்லவில்லை என்றார். விளக்கேற்றி உன்னிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். காதில் விழுந்ததா?

படம் உனக்கு உயிரான வகை. பூக்கடைக்காரன் வருகிற சிரிப்புப் படம். இந்தச் சிரிப்புப் படங்களில் எங்கிருந்தாவது ஒரு பூக்காரன் வந்துவிடுகிறானே, அது ஏன் என்று ஒருமுறை உன்னிடம் கேட்டேன். "அவன் ஒருத்தன்தான்டி கல்யாண வீட்டுக்கும் போறான், சாவு வீட்டுக்கும் போறான், சாமிகிட்டயும் போறான். அவன் வழி தப்பிட்டா சிரிக்காம என்ன செய்யிறது?" என்றாய். படம் பார்த்த மறுநாள் தேயிலை மலையில் கொழுந்துக் கூடையோடு நீ பூக்காரன் மாதிரி நடந்து காட்டினால் ஒருத்திக்கும் கை ஓடாதாம். சத்தம் போட வந்த கங்காணியும் நின்று பார்த்துவிட்டுப் போவாராம்.

டிக்கெட் கொடுத்தது முருகேசு. புதுப் படப்பெட்டி ரயிலில் வந்து இறங்கியதும் கொட்டகைக்காரர் அதற்கு மாலை போட்டு, சூடம் காட்டித்தான் உள்ளே எடுப்பார். அந்த மாலையைக் கட்டுகிறவன் முருகேசு. அந்தப் பழக்கத்தில் கிடைத்த டிக்கெட்டுகள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ரஞ்சிதத்தை முருகேசுவுக்குக் கேட்டு மூன்று மாதமாக ஆள் வருகிறது. பையன் தங்கமானவன். ரஞ்சிதத்துக்கும் விருப்பம்தான். வாயால் சொல்லவில்லை, ஹட்டனுக்குப் போகிற நாளில் மட்டும் இரண்டு தடவை தலை வாருகிறாள். அத்தான்தான் ஒரே பேச்சாக முடியாது என்றார். காரணத்தை என்னிடம் மட்டும் சொன்னார்.

"ஒங்கக்கா மேல கெடந்த மாலை அந்தக் கடையில கட்டுனது. அதே கை கட்டுன மாலைய எம் பொண்ணு கழுத்துல நான் எப்பிடிப் பாப்பேன்?"

நான் எழுந்து போய் அடுப்பைப் பார்த்தேன்.

மகளை எங்களோடு மட்டும் அனுப்ப மனமில்லாமல்தான் அவரும் அன்றைக்கு வந்தார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, திரையைப் பார்க்காமல் முருகேசுவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படத்தில் பூக்கடைக்காரனுக்கு ஒரே நாளில் ஒரு கல்யாணம், ஒரு சாவு. மூக்குக்கண்ணாடியைத் தொலைத்துவிட்டு, இரண்டு கூடையையும் மாற்றிக் கொடுத்து அனுப்பிவிடுகிறான். சாவு வீட்டில் ஒரு கிழட்டு முதலாளி மயங்கிக் கிடக்கிறார், போய்விட்டார் என்று ஊரே கூடி அழுகிறது. சம்பங்கியும் சரிகையுமாகக் கல்யாண மாலையை மேலே போட்டதும் மூக்கில் வாசனை ஏறி ஒரு தும்மல். எழுந்து உட்கார்ந்து, மாலையைத் தடவிப் பார்த்து, பொண்ணு எங்கே என்கிறார். மாரடித்துக்கொண்டிருந்த அவர் சம்சாரம் கண்ணைத் துடைத்துவிட்டு விளக்குமாற்றைத் தேடப் போகிறாள்.

அத்தான் சிரித்தார் அக்கா. இருமுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். கம்பளியை வாயில் வைத்து அடைத்தும் நிற்கவில்லை. ரஞ்சிதம் படத்தை விட்டுவிட்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தை மாதம் உன்னைக் கொண்டுபோனதிலிருந்து அந்தச் சத்தத்தை நாங்கள் கேட்கவே இல்லையே.

படம் விட்டு பஸ்ஸுக்கு நின்றோம். நல்ல பனி. அத்தான் முதன்முதலாக அவனிடம் வாய் திறந்தார்.

"ஏம்பா, ஒங்க கடையிலயும் இப்பிடி மாறிப் போவுமா?"

"மாறாது மாமா. சாவுக்கு வர்றவங்க வெல பேச மாட்டாங்க. கல்யாணத்துக்கு வர்றவங்க கடையையே சேத்துக் கேப்பாங்க. கண்ண மூடிக்கிட்டே ஆளச் சொல்லிருவேன்."

என் வீட்டுக்காரர் சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை. "எங்க வீட்டுக்குக் கட்டுனியே, அது?" என்றார்.

முருகேசு தலையைக் குனிந்துகொண்டான். உனக்கும் அவனுக்கும் இருந்த சிநேகத்தை அப்புறம்தான் சொன்னான். பூ வாங்கப் போனால் பூவை மறந்துவிட்டு அவனுக்குப் படக்கதை சொல்வாயாமே.

"அத்தைக்குன்னதும் எனக்குச் சாவு மாலை கட்ட வரல மாமா. நுவரெலியா கல்யாணத்துக்குன்னு வாங்கி வச்ச ரோசா இருந்துச்சு. அதுல கட்டி அனுப்பிட்டேன். கல்யாணக்காரங்களுக்குச் செவ்வந்தியில கட்டிக் குடுத்து நல்லா ஏச்சு வாங்குனேன்."

அந்த ரோசா மாலை எனக்கு நினைவிருக்கிறது அக்கா. யாரோ வசதியானவர்கள் போட்டது என்றல்லவா நினைத்திருந்தோம். நீ கல்யாண மாலையோடுதான் போயிருக்கிறாய்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அத்தான் லயத்து வீடுகளுக்கு ஏறுகிற வழியில் நின்று, "தலைத் திவசம் முடியட்டும். அதுக்கு முந்தி ஒங்கக்காவையும் ஒரு வார்த்த கேட்டுரு. எங்கிட்டச் சொல்லாததையும் ஓங்கிட்டச் சொல்லுவா" என்றார்.

அதற்குத்தான் இந்தக் கடிதம். வருகிற வெள்ளிக்கிழமை மாரியம்மன் சன்னதியில் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனி இலையில் மடித்துப் போடப் போகிறோம். வெள்ளை வந்தால் உனக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம். ஆத்தாளுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் நீயும் பக்கத்தில் நின்று அவள் காதில் போட்டுவை. மாப்பிள்ளையே மாலை கட்டினால் நன்றாக இருக்காதே, வேறு யாரிடம் கொடுப்பது என்று அத்தான் இப்போதே விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

நீ சரியென்று சொன்னால், ரஞ்சிதத்துக்கு எண்ணெய் வைத்துத் தலைமுழுகி விடுவது முதல் மணவறையில் கொண்டுபோய் உட்கார வைப்பது வரை உன் இடத்தில் நான் நிற்பேன். அன்றைக்கு அழ மாட்டேன். அவளையும் அழவிட மாட்டேன். இது சத்தியம்.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லிவிடு அக்கா.

உன் மகளுக்குச் சின்னம்மா,
உனக்கு என்றும் தங்கச்சி,
பாக்கியம்