அவர் பெயரில் துடிக்கும் நாடி

ஏப்ரல், கராகோல் நகருக்கு அருகே

அன்புள்ள மாப்பிள்ளை தாலாய்க்கு,

மாமியார் புருல்சா எழுதுவது. ஆடுகள் நலம், பசு நலம், ஆப்பிள் மரங்கள் மொட்டு விட்டிருக்கின்றன. மனிதர்களின் நலம் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் தாளில் எழுதுகிறாள் இந்தக் கிழவி என்று நினைப்பீர்கள். பெர்மெத் உங்கள் போனை எடுத்துக் குடைகிறாள் என்று கல்யாணமான புதிதில் என்னிடம் புகார் சொன்னவர் நீங்கள்தானே. அதனால்தான். நம் தெருக்காரர் ஒருவர் கொரியாவுக்கு வேலைக்கு வருகிறார். அவர் பையில், உப்புத் தயிர் உருண்டைகளுக்கு அடியில் இந்தக் கடிதம் இருக்கும். உருண்டைகளை அவளிடம் கொடுங்கள், மசக்கை நாக்குக்கு நன்றாக இருக்கும். கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

என் கொழுந்தன் மம்பெத்திடம் நீங்கள் போனில் கோபப்பட்டதாக அவன் சொன்னான். "அவ அப்பா செத்துப் போயிருக்காரு. பிப்ரவரியிலேர்ந்து மறைச்சுக்கிட்டு இருக்கோம். நான் அவ மூஞ்சியப் பார்த்துத்தானே தினம் சோறு திங்கணும்?" என்று கேட்டீர்களாம். உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் மாப்பிள்ளை, தூரத்தில் இருக்கும் மகளுக்குச் சாவைப் போனில் சொல்கிற வழக்கம் நம்மில் உண்டா? பெரியவர்கள் நேரில் போய் உட்கார வேண்டும். எங்கிருந்தோ பேச்சைத் தொடங்கி மெல்லமாக அங்கே வந்து சேர வேண்டும். சொல்லும் நேரத்தில் இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் தோளைப் பிடித்திருக்க வேண்டும். அங்கே கொரியாவில், ஆன்சானில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? நீங்கள் பாதி நாள் இரவு ஷிஃப்டு. இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே இழந்தவள் அவள். மூன்றாவது தங்கட்டும். பிறந்ததும் நானே வந்து சொல்கிறேன். அதுவரை ஊரே வாயைக் கட்டியிருக்கிறது, நீங்களும் கட்டிக்கொள்ளுங்கள்.

கடிகாரத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆமாம், அது என் கையில்தான் இருக்கிறது.

அது அவள் வாங்கிக் கொடுத்ததுதான். அப்பாவின் நாடி அவள் போனில் தெரியும்படி கணக்கையும் அவளே தொடங்கி வைத்துவிட்டுப் போனாள். அவரைக் கழுவுவதற்காக ஆண்கள் உள்ளே போனபோது யாரோ அதைக் கழற்றி ஜன்னலில் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் போனில் பெர்மெத்தின் செய்தி: "அப்பா நாடி தெரியலையே, சார்ஜ் போட மறந்துட்டாரா?" மம்பெத்துக்கு மூளை வேலை செய்யவில்லை. ஓடி வந்து, ஒப்பாரிக் கூடாரத்தில் வழக்கப்படி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த என் கறுப்புச் சட்டைக் கைக்குள் அதைக் கட்டிவிட்டான். "அண்ணி, கொஞ்ச நேரம்தான்," என்றான். அதன் அடிப்பக்கம் இன்னும் சூடாக இருந்ததாக எனக்குத் தோன்றியது. அப்படி இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

மூன்று நாளும் அதோடுதான் அழுதேன். வாசலில் ஆண்கள் "ஐயோ என் கூடப் பிறந்தவனே" என்று அலறிக்கொண்டு வரும்போதெல்லாம் உள்ளே நான் குரலெடுத்துப் பாட வேண்டும், அவர்கள் உட்கார்ந்ததும் நிறுத்த வேண்டும், அடுத்த கூட்டம் வந்தால் மறுபடியும். இரண்டாம் நாள் அவள் மம்பெத்தைக் கூப்பிட்டு, "சித்தப்பா, அப்பாவுக்கு நாடி ஏறி ஏறி இறங்குதே, என்ன பண்றாரு?" என்று கேட்டாள். அவன், "குதிரைப் பந்தயம் பார்த்துக் கத்திக்கிட்டு இருக்காரு," என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதான்.

அவர் போனில் பேசாத மனிதராக இருந்தது இப்போது வசதியாகப் போயிற்று. உயிரோடு இருந்தபோதும் கதவருகே நின்று, "நல்லா இருக்கேன்னு சொல்லு, சீக்கிரம் வை, காசு ஓடுது," என்று கத்துவதோடு சரி. இப்போது அதை நானே சொல்லிவிடுகிறேன்.

நடைதான் கஷ்டம். ஒரு நாள் நான் வீட்டோடு இருந்துவிட்டேன். "அப்பா இன்னிக்கு நடக்கவே இல்லையே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டாள். அதிலிருந்து சாயங்காலம் அவர் போகும் வழியில், அவர் போகும் நேரத்தில், வாய்க்கால் மதகு வரை போய் வருகிறேன். நாய் முன்னால் ஓடுகிறது. வைக்கோல் போருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு எனக்காகக் காத்திருக்கிறது. முதல் நாள் ஏனென்று புரியவில்லை. தரையில் சிகரெட் துண்டுகள் கிடந்தன. மகளிடம் விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்தவர்! நானும் அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வருகிறேன். இல்லாவிட்டால் நாய் நகர மாட்டேன் என்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவளைப் படி ஏறவிடாதீர்கள்.

இப்படிக்கு,
புருல்சா


ஜூன்

மாப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தை நிதானமாகப் படியுங்கள். யோசனை கேட்கத்தான் எழுதுகிறேன்.

அந்தக் கடிகாரம் வந்த புதிதில் ஒன்றும் தெரியாத குழந்தையாகத்தான் இருந்தது. மணி சொல்லும், அடி எண்ணும், அவ்வளவுதான். பிறகு வருடத்துக்கு ஒரு தடவை புதிய பதிப்பு என்று ஏதோ காற்றில் வந்து அதற்குள் இறங்கும். ஒரு தடவை நாடி முழு நாளும் பார்க்கக் கற்றுக்கொண்டது. அடுத்த தடவை தூக்கத்தை எண்ணியது. அதற்கடுத்து ரத்தத்தில் காற்று எவ்வளவு என்றது. மேய்ச்சல் மலையில் அது குறைவாகக் காட்ட, அங்கே பெர்மெத் ஒரே அழுகை. "ஆட்டுக்குக் கட்டிப் பாரு, அதுக்கும் அப்படித்தான் காட்டும்," என்றார் அவர். எங்களுக்கு வயது ஏற ஏற அதற்கு அறிவு ஏறியது. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

அவருக்கும் பிடிக்காமல்தான் போனது. போன நவம்பரில் மறுபடியும் கேட்டது: புதிய பதிப்பு தயார், இப்போது ஏற்றலாமா, பிறகா? "ஒவ்வொரு தடவையும் ஒரு புது வியாதியைக் கத்துக்கிட்டு வருது இந்தக் கழுதை. போதும், இதோட படிப்பை நிறுத்தட்டும்," என்று 'பிறகு' என்பதை அழுத்தினார். மறுநாளும் கேட்டது. குளிர்காலம் முழுக்கக் கேட்டது. படுக்கப் போகும்முன் 'பிறகு' அழுத்துவது அவருக்குப் பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது.

அவர் போன பிறகு என்னிடமும் கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் அவர் மாதிரியே அழுத்திவந்தேன். போன வாரம் ஏதோ அலுப்பில் 'சரி' என்று அழுத்திவிட்டேன். அன்றிரவு சார்ஜில் கிடந்து ஏற்றிக்கொண்டது. காலையில் கட்டியதும், தான் கற்றுக்கொண்டு வந்ததைக் காட்டியது: தூக்கத்தில் இதயத்தின் தாளம் தப்பினால் இனிமேல் எச்சரிக்கும்.

மாப்பிள்ளை, அவர் எப்படிப் போனார் என்று உங்களுக்குத் தெரியும். தூக்கத்தில், என் பக்கத்தில், ஒரு சத்தமும் இல்லாமல். அன்று படுக்கும்போதும் 'பிறகு' அழுத்தினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அழுத்தாமல் இருந்திருந்தால் அது எழுப்பியிருக்குமா, மாட்டாதா, யாருக்குத் தெரியும்? ஆனால் அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. படுத்துக் கண்ணை மூடினால் அவர் கட்டைவிரல்தான் தெரிகிறது.

இன்னும் இருக்கிறது. நாலு நாளைக்கு முன்னால் விடியற்காலையில் மணிக்கட்டில் தட்டியது. நான் வாயால் சொல்லாத அவர் பெயரை எழுதி, உங்கள் இதயத்தின் தாளம் சீராக இல்லை, மருத்துவரைப் பாருங்கள் என்றது. போர்வைக்குள் உட்கார்ந்து, "இப்ப வந்து சொல்றியா? இப்பவா சொல்றது?" என்று அதைத் திட்டினேன். நன்றாகத் திட்டி முடித்த பிறகுதான் உறைத்தது, அது சொன்னது என் இதயத்தைப் பற்றி.

அதே எச்சரிக்கை பெர்மெத்துக்கும் போயிருக்கிறது. உடனே கூப்பிட்டாள். "அம்மா, அப்பாவுக்குத் தாளம் தப்புதாம். நாளைக்கே கராகோல்ல இதய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. நீ வெளியில உட்காராத, உள்ள போ. நீயும் காட்டிக்கோ. சத்தியம் பண்ணு," என்றாள். சத்தியம் செய்தேன்.

இப்போது சொல்லுங்கள். கட்டியிருந்தால் அது எச்சரித்து எச்சரித்து அவளைப் பயமுறுத்தும், வயிற்றில் ஏழு மாதம். ஒரேயடியாகக் கழற்றினால் அப்பாவின் நாடி நின்றுவிடும். மம்பெத், "என் கையில கட்டுங்க அண்ணி, எனக்குக் குதிரை இதயம்," என்கிறான். நல்ல யோசனைதான். இரண்டு தடவை கொக்கியில் விரலை வைத்தேன். கழற்றியதும் அது ஒரு கோடு காட்டுமே, நாடி இல்லை என்று; சார்ஜுக்குக் கழற்றும்போதுகூடத் திரையைக் கவிழ்த்துத்தான் வைக்கிறேன். அதை அவர் பெயருக்குக் கீழே இன்னொரு தடவை பார்க்க என்னால் முடியவில்லை.

டாக்டரிடம் நாளைக்குத்தான் நேரம் கிடைத்தது, மம்பெத் காரில் போகிறேன். போய் வந்து எழுதுகிறேன்.

புருல்சா


ஜூலை

மாப்பிள்ளை, இந்தத் தாள் பெர்மெத்துக்கு. ஆனால் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். விடுப்பு எடுங்கள். நம் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேரை, பிள்ளை பெற்றவர்களாகப் பார்த்து, வீட்டுக்கு அழையுங்கள். பகலில், தேநீர் வைத்து, அவளை நடுவில் உட்கார வைத்து, அவர்கள் தோளைப் பிடித்த பிறகு படிக்கச் சொல்லுங்கள். ஏன் மனம் மாறினேன் என்பது உள்ளே இருக்கிறது.

என் குட்டி பெர்மெத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறார்களா? ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொள்.

நீ கேட்ட மாதிரி இதய டாக்டரைப் பார்த்தேன். சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும், நரின் ஊர்ப் பக்கத்தவள். கடிகாரத்தையும் போனையும் வாங்கிப் பழைய நாட்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பிப்ரவரிக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. நாடிக்கோடு சீப்புப் பல் மாதிரி இருந்தது. காலையிலிருந்து மாலை வரை ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது, இறங்குகிறது, மூன்று நாள். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து, "அக்கா, இந்த மூணு நாளும் உங்க வீட்டுல சாவா? எங்க அம்மா ஒப்பாரி வச்சப்ப நானும் கூட உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு கூட்டம் வர்றப்பவும் நெஞ்சு இப்படித்தான் ஏறி இறங்கும்," என்றாள்.

முன்பின் தெரியாத பெண்ணுக்குத் தெரிகிறது. அதே கோட்டை என் மகளும் பார்த்துக்கொண்டிருந்தாளே, அவள் பாட்டி செத்தபோது என் மடியில் உட்கார்ந்து என் ஒப்பாரியைக் கேட்டவளாயிற்றே என்று நினைத்தேன். பிறகு அந்த டாக்டர், "அறுபத்தொரு வயசு, பெண்ணு. சரிதானே?" என்று கேட்டாள். கடிகாரம் அவருடையது என்றேன். "பேரு அவரோடது. வயசு, எடை, ஆணா பெண்ணாங்கிறது எல்லாம் பிப்ரவரிலயே மாத்தியிருக்கே. கணக்கு யாருகிட்ட இருக்கு?" என்றாள்.

கணக்கு உன்னிடம்தான் இருக்கிறது.

குதிரைப் பந்தயம் என்று சித்தப்பா சொன்னபோதே உனக்குத் தெரிந்திருக்கிறது. கோடு கோடாக என் அழுகையைத் தனியாக உட்கார்ந்து எண்ணியிருக்கிறாய். அதன் பிறகும் "அப்பா நடந்தாரா, அப்பா தூங்கினாரா, அப்பாவை மாவு பிசையவிடாதே" என்று கேட்டாய். அவர் என்றைக்கடி மாவு பிசைந்தார்? அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உனக்காக நான் அவராக நடந்தேன். நீ எனக்காக நம்புகிற மாதிரி நடித்தாய். நல்ல ஜோடி நாம் இருவரும்.

தெரிந்துகொள்வது வேறு, ஒருவர் சொல்லிக் கேட்பது வேறு. தானாகத் தெரிந்துகொண்டவள் தனியாகத்தான் அழுதாக வேண்டும், சத்தம் போடாமல். ஐந்து மாதமாக வயிற்றுப் பிள்ளையோடு அப்படி அழுதிருக்கிறாய். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று உன்னை அப்படி விட்டுவைத்தேன். அதனால் பிள்ளை பிறக்கும்வரை காத்திருக்க மாட்டேன், முறையாகச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான நாளிலிருந்து நான் உச்சரிக்காத பெயரை எழுதுகிறேன்.

பனிக்காலத்தில் நம் வீட்டுக் கூரையைத் தாங்கிய மரம் சாய்ந்தது, மகளே. உன் அப்பா ஜுமகதிர் இறந்துவிட்டார். வலி இல்லாமல் போனார். ஊர் முழுக்க வந்தது. மேட்டில் அவருடைய அண்ணனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். இப்போது வாய்விட்டு அழு. பக்கத்தில் இருப்பவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

அழுதாயிற்றா? முகத்தைக் கழுவிக்கொண்டு மீதியைப் படி.

மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், போடுகிறேன். இலையுதிர் காலத்தில் தலைநகர் பிஷ்கெக்கில் பெரிய டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள், பார்க்கிறேன். ஏமாற்ற முடியாது, உனக்குத்தான் தெரிந்துவிடுமே. புதிய பதிப்பு எது வந்தாலும் இனி 'பிறகு' அழுத்த மாட்டேன். என்ன வேண்டுமானாலும் கற்றுக்கொண்டு வரட்டும்.

எல்லாவற்றையும் மாற்றியவள் பெயரை மட்டும் விட்டுவைத்திருக்கிறாய். மாற்றாதே. காலையில் அது அவர் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்கிறது. இந்த வீட்டில் அந்தப் பெயரைக் கூப்பிட வேறு ஆள் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீயும் ஒரு கடிகாரம் வாங்கிக் கட்டிக்கொள். கணக்கை என் போனில் சேர்த்துவிடு. எனக்குக் கோடு படிக்கத் தெரிந்துவிட்டது. உனக்கு வலி எடுக்கும்போது நான் இங்கே விழித்திருக்க வேண்டும். ஏறி ஏறி இறங்கட்டும், பயப்பட மாட்டேன். கடைசியில் இறங்கி அமைதியாகிவிட்டது என்று நான் பார்க்க வேண்டும்.

நல்லபடியாகப் பெற்றெடு, என் குட்டி. நீ நூறு வயது இரு. உன் கை ஒருநாளும் வெறுங்கையாக வேண்டாம்.

உன் அம்மா,
புருல்சா