ஐந்துக்கு ஒன்று குறைகிறது

சித்தேரி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தம்பி குமாருக்கு, அண்ணன் காளியன் எழுதுவது. நலம் என்று தொடங்குவதுதான் வழக்கம். என் மகள் பூவிழியைப் புதைத்து இருபது நாள்கூட ஆகவில்லை, அந்தச் சொல் கைக்கு வரவில்லை. போனில் பேசினால் ஏதாவது சமாதானம் சொல்லி என் வாயை அடைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

காரியம் முடிந்து நீ பெங்களூருக்கு பஸ் ஏறிய மறுநாள், நம் பங்காளி பெரியண்ணன் தன் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஏழு வயது. பூவிழிக்கு வந்த, நம் வம்சத்தில் ஓடும் அதே தசை நோய். கையைத் தொடையில் ஊன்றித்தான் எழுகிறான், அவள் எழுந்ததுபோலவே. மலைக்குக் கீழே கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் காட்டினோம், பதிந்துகொண்டார்கள். பூவிழியின் சக்கர நாற்காலியை அவனுக்கே கொடுத்துவிட்டேன். உன் அண்ணி சக்கரத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துக் கொடுத்தாள்.

உன் கம்பெனி செய்து கொடுத்த, இந்த நோய் உள்ள பிள்ளைகளை எண்ணும் கம்ப்யூட்டர் கணக்கில் நம் மலைக்கு நேரே இந்த முறையும் வெறும் கோடுதான் என்று டாக்டர் சொன்னார். ஐந்து பிள்ளைகளுக்குக் குறைந்தால் எண்ணிக்கையை மறைத்துவிடுவார்களாம், இல்லாவிட்டால் யார் வீடு என்று ஊர் கண்டுபிடித்துவிடுமாம். எண்ணிக்கை தெரிகிற இடத்துக்குத்தான் புது மருந்துச் சோதனை வருமாம். யாரைத் திட்டுவது? ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் ஏட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், கூட்டுத்தொகை மட்டும் பூட்டுப்போட்டு வெளியே போகும் என்று போன வருடம் நீ நம் ஊரில் கூட்டம் போட்டு விளக்கினாய். அன்று எழுந்து நின்று, எங்க புள்ளைங்க பேரு வெளிய போச்சுன்னா நாளைக்கு யாருங்க கட்டுவாங்க என்று கத்தியவன் நான்தானே. நன்றாகக் காப்பாற்றிக் கொடுத்தீர்கள், போ.

பூவிழி இருந்தவரை நான்கு பேர். பெரியண்ணன் பையனோடு ஐந்து ஆகியிருக்க வேண்டும். இறந்த பிள்ளையைக் கணக்கில் வைக்க முடியாதுங்க என்று டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். மறுபடியும் நான்கு.

பூட்டிய பிறகு உள்ளே இருப்பது உனக்கே தெரியாது என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன். யார் பெயரும் வெளியே வராது என்றால், பூவிழி உயிரோடு இருக்கிறாள் என்று எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது? மிச்சமிருக்கும் நான்கு பிள்ளைகளுக்காக ஒரே ஒரு முறை அவளையும் சேர்த்து எண்ணும்படி டாக்டரிடம் சொல்லு தம்பி.

உன் மகள் காவியாவுக்கு என் ஆசீர்வாதம். தரையில் உட்கார்ந்து எழும்போது கையைத் தொடையில் ஊன்றுகிறாளா என்று மட்டும் பார். எனக்கு எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
காளியன்