உன் கட்டத்தில் என் கையெழுத்து

சுகிசவா,
நவம்பர் 9

அன்புள்ள மிச்சியோவுக்கு,

பக்கத்து வீட்டு ஹிசாயே எழுதுகிறேன். மூன்று வருடமாக ஒரு வரி எழுதாதவளுக்கு இப்போது என்ன வந்தது என்று நினைப்பாய். நினைத்துக்கொள், ஆனால் கிழித்துப் போடாமல் கடைசிவரை படி. ககோஷிமாவில் உன் தம்பி வீட்டுப் பக்கம் இன்னும் வெயில் அடிக்குமாமே. இங்கே மலை உச்சியில் பனி விழுந்துவிட்டது. குளிர்கால ஊறுகாய்க்கு முள்ளங்கியைக் கழுவிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாயிற்று.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் குளியல் கூடம் திறந்துவிட்டார்கள். மன்றத்தில் நீ கை தூக்கிக் கொண்டுவந்த அந்தக் குப்பை எரியுலையின் சூட்டில்தான் தண்ணீர் காய்கிறது. மூன்று ஊர்க் குப்பை எரிகிறது, நமக்கு வெந்நீர் வருகிறது. என் வீட்டுக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறுவாரே, அவர் தினமும் அரை மணி நேரம் ஊறி ஊறி, போன வாரம் ஏணி வைத்துக் கூரையில் ஏறிவிட்டார். கீழே நின்று நான்தான் கத்திக்கொண்டிருந்தேன். உன் புண்ணியம்.

கென்சோ அண்ணன் கதையைக் கேள். "அந்தப் புகைபோக்கி எழும்புச்சுன்னா இந்த ஊர்ல பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்" என்று சத்தியம் செய்தவர், இப்போது கதவு திறக்கும் முன்பே துண்டோடு நிற்கிறார். சத்தியம் என்னாச்சு என்று கேட்டேன். "குடிக்க மாட்டேன்னுதானே சொன்னேன், குளிக்க மாட்டேன்னா சொன்னேன்?" என்கிறார்.

திறப்பு விழாவில் மூன்று ஊர்க் கூட்டமைப்பின் அதிகாரி பழைய தீர்மானத்தை வாசித்தார். உலைக்கு நம் ஊரும் பங்குப் பணம் தருவது என்று மன்றத்தில் ஏழுக்கு ஆறாக முடிவானதே, அந்த ஏழாவது கை உன்னுடையது என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். கை தூக்கும் முன் நீ இரண்டு நிபந்தனை எழுதிக் கொடுத்திருக்கிறாய் என்று அவர் வாசித்தபோதுதான் தெரிந்தது. உலையின் சூட்டில் சுகிசவாவுக்குக் குளியல் கூடம் வேண்டும். புகையில் என்ன இருக்கிறது என்பதைச் சாலையோரப் பலகையில் தினமும் காட்ட வேண்டும். இல்லையென்றால் பங்கு கிடையாது என்று எழுதியிருக்கிறாய். பள்ளிக்கூடக் கூரைக்கு வைத்திருந்த பணத்தை எடுத்து நம் தலையில் புகையைக் கொட்ட வைத்தவள் என்றல்லவா உன்னைப் பேசினோம்!

கென்சோ அண்ணன், "இதை அந்தப் பொம்பள அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா நாம என்ன கடிச்சா தின்னிருப்போம்? தீர்மானம் முடிஞ்சதும் ஊர்க் கூட்டத்துக்குக் கூப்பிட்டோமே, மதிக்காம வீட்ல உக்காந்திருந்தாளே" என்றார்.

அன்று நான் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன். ஏனென்றால், மிச்சியோ, உன்னை யாரும் கூப்பிடவில்லை.

அந்தக் கூட்டத்துக்கான அறிவிப்பு, எப்போதும்போல், வீட்டுக்கொரு கட்டம் போட்டு வீட்டுக்கு வீடு சுற்றும் அறிவிப்புப் பலகையில்தான் வந்தது. படித்துவிட்டு என் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். அடுத்து உன் வீட்டில் கொடுக்க வேண்டும். புகைபோக்கி என் சன்னலுக்கு நேராக எழும்பப் போகிறது, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கை தூக்கிவிட்டாளே என்று எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். உன் கட்டத்தில் நானே உன் பெயரைக் கிறுக்கி, உன் வாசலைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டேன். நீ பார்த்தும் வரவில்லை என்று ஊர் நினைத்தது. கூப்பிடக்கூட மாட்டார்களா என்று நீ நினைத்திருப்பாய். கூப்பிடாத இடத்துக்குப் போய் நியாயம் பேசுகிறவளா நீ? அதன் பிறகு உன்னோடு யாரும் பேசவில்லை. மறு வசந்தத்தில் நீ வீட்டைப் பூட்டிக்கொண்டு போனபோது நான் சன்னல் திரைக்குப் பின்னால்தான் நின்றேன். உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

போன ஞாயிறு ஊர்க் கூடத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காறித் துப்புவார்கள் என்றுதான் போனேன். கென்சோ அண்ணன் என் பக்கம் திரும்பினார். "உன்னை அப்புறம் கவனிச்சுக்கறேன்" என்றார். பிறகு எல்லோரையும் பார்த்து, "நம்மள்ல ஒருத்தராவது போய் அவ கதவைத் தட்டினோமா?" என்று கேட்டார். அன்றே உன் பெயரை மறுபடியும் பலகையில் சேர்த்துவிட்டார்கள், என் பெயருக்கு அடுத்ததாக, பழைய இடத்திலேயே.

முந்தாநாள் பலகை என்னிடம் வந்தது. குளியல் கூடத்தை யார் என்றைக்குக் கழுவுவது என்ற பட்டியல். என் கட்டத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டேன். உன் வாசலில் கிடந்த சருகைப் பெருக்கி, கதவுக் கொக்கியில் பலகையை மாட்டிவிட்டு வந்தேன். உனக்கு அடுத்த வீட்டு யாயோய், "அக்கா, பலகை எங்களுக்கு எப்ப வரும்?" என்று கேட்டாள். மிச்சியோ பார்த்த பிறகு என்றேன். "அப்ப சரி, கழுவுற முறை அதுவரைக்கும் எனக்கில்ல" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு முகமில்லை. வந்து என்னைத் திட்டு, வெந்நீரில் உட்கார்ந்துகொண்டே திட்டு, நான் முதுகு தேய்த்துவிடுகிறேன். பனி பாதையை அடைக்கும் முன் வா. உன் கட்டம் காலியாக இருக்கிறது. இந்த முறை அதில் வேறு கை படாது.

நீ சுகமாக வந்துசேர தினமும் வேண்டிக்கொண்டிருக்கும்,
ஹிசாயே