அப்பால என்றொரு ஊர்

துறைமுகக் கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்தே உலகத்தைப் பார்த்துவிட்ட என் செல்ல நைனாவுக்கு,

மொட்டை மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது. துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் சங்கு ஊதியது. நீ இருந்திருந்தால் அது வருகிற கப்பலா, போகிற கப்பலா என்று சொல்லியிருப்பாய். பாதி நேரம் தப்பாகத்தான் சொல்லுவாய். ஆனாலும் அடித்துச் சொல்லுவாய்.

உன் ராயபுரம் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. காற்று வடக்கிலிருந்து அடித்தால் எண்ணூர்ப் புகை, கிழக்கிலிருந்து அடித்தால் காசிமேட்டு மீன். மெட்ரோ ரயில் திருவொற்றியூர் வரைக்கும் போகிறது. கன்டெய்னர் லாரிகள் இன்னும் அதே மாதிரி வரிசையில் நிற்கின்றன, டிரைவர்கள் அதே மாதிரி இறங்கி டீ குடிக்கிறார்கள். நீ வளர்த்த முருங்கை மட்டும் போன மழையில் சாய்ந்துவிட்டது. சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன், எழுதுகிற வேகத்தில் வந்துவிட்டது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன் நைனா. நான் வேலையை விட்டுவிட்டேன். பினாங்குக்குப் போகிறேன்.

நூர்ஜஹானை உனக்கு நினைவிருக்கும். வண்ணாரப்பேட்டையிலிருந்து என்னோடு பள்ளிக்கூடம் வந்த என் தோஸ்து. நோன்புக் கஞ்சியைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து உன்னிடம் நீட்டுவாளே, அவள்தான். கல்யாணமாகி அங்கே போனவள், இப்போது கடலோரமாக ஒரு சின்ன லாட்ஜ் நடத்துகிறாள். அவள் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு தனியாகத்தான் எல்லாம் பார்க்கிறாள். கூட இருந்து நடத்த ஆள் வேண்டும், அந்த ஆள் நீயாகத்தான் இருக்கணும் என்று விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். வேலை அனுமதி வந்துவிட்டது, டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

தண்டையார்பேட்டை கிடங்கு ஆபீசில் யாராலும் நம்ப முடியவில்லை. நிரந்தர வேலை, நிழலில் நாற்காலி, தலைக்கு மேல் ஃபேன். இதை விட்டுவிட்டு எவளாவது ஐம்பது வயதில் லாட்ஜுக்குத் தலையணை உறை மாற்றப் போவாளா என்று கேட்டார்கள். நான் போவேன் என்றேன். கடலுக்கு அந்தப் பக்கம் போகிற பெட்டிகளுக்கெல்லாம் ரசீது போட்டுக்கொடுத்தேனே தவிர, நான் ஒரு நாளும் அந்தப் பக்கம் போகவில்லை. எனக்குக் கல்யாணம் அமையவில்லை, அதற்காக நாம் யாரும் அழவுமில்லை. நீ இருந்தவரைக்கும் உன் மூட்டு வலித் தைலமும் சாயங்கால டீயுமாக நாட்கள் ஓடின. நீ போன பிறகும் நாட்கள் ஓடத்தான் செய்தன, ஆனால் எதற்காக ஓடுகின்றன என்று தெரியவில்லை.

அந்தக் கப்பல் நினைவிருக்கிறதா? காசிமேட்டுப் பாறைகள் மேல் என்னையும் தம்பி அந்தோணியையும் குந்த வைத்து, கையில் ஆளுக்கொரு வேர்க்கடலைப் பொட்டலம் கொடுத்திருந்தாய். துறைமுகத்திலிருந்து ஜனங்களை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் மெல்ல வெளியே வந்தது. வெள்ளை வெளேர் என்று, அடுக்கடுக்காக ஜன்னலோடு. உள்ளே இருந்தவர்கள் கையசைத்தார்கள். நம்மைப் பார்த்துத்தான் அசைக்கிறார்கள் என்று நானும் அசைத்தேன். கப்பல் சின்னதாகி, புகை மட்டும் தெரிந்து, புகையும் இல்லாமல் போனது. அதற்குப் பிறகும் நாம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

"நைனா, அது எங்க போவுது?"

"பினாங்கு போவும். அப்பறம் சிங்கப்பூரு."

"நாம எப்ப போவோம்?"

"அப்பால போலாம்மே."

அப்புறம் போகலாம் என்றுதான் நீ சொன்னாய், நான் அதை ஊர்ப் பெயர் என்று நினைத்துக்கொண்டேன். பினாங்கு, சிங்கப்பூர், அப்பால. முதல் இரண்டும் மற்றவர்கள் போகிற ஊர், மூன்றாவது நாம் போகப் போகிற ஊர். எனக்கு அந்த ஊர் நன்றாகத் தெரியும். அங்கே தெருவெல்லாம் ஈரமாக இருக்கும், யார் வீட்டிலும் கதவு இருக்காது, நீ கிரேனை விட்டு இறங்கி எங்களோடே நடந்து வருவாய். தூக்கத்திலும் அந்த ஊருக்குத்தான் போவேன்.

அப்புறம் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வரைபடத்தை மாட்டி, நம் துறைமுகத்திலிருந்து கப்பல் எந்தெந்த ஊருக்குப் போகும் என்று கேட்டபோது எழுந்து நின்று மூன்றையும் சொன்னேன். டீச்சர் மதுரைப் பக்கத்துக்காரர். அவருக்குப் புரியவில்லை. "அப்பாலவா? அது எந்த நாட்டில் இருக்கு?" என்று கேட்டார். "தெரில டீச்சர், எங்க நைனா இட்டுகினு போறேன்னு சொல்லிகீறாரு" என்றேன். வகுப்பே சிரித்தது. நூர்ஜஹான் மட்டும் சிரிக்காமல், நானும் வரட்டுமா என்று என் காதில் கேட்டாள்.

சாயங்காலம் உன்னிடம் வந்து சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் ஜடையை இழுத்து, "நீ சொன்னது தப்பு இல்லமே. அந்த ஊருக்குத்தான் போறோம், இன்னா கொஞ்சம் லேட்டாவும்" என்றாய்.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அந்தோணி படிப்பு வந்தது. அவன் கல்யாணம் வந்தது. ஒவ்வொரு முறையும் நீ அப்பால என்றாய். நீ ரிடையர் ஆன பிறகு நான் கேட்டேன், இப்போது போகலாமா என்று. உன் முழங்காலைத் தடவிக்கொண்டே அதே வார்த்தையைச் சொன்னாய். அப்போது அது எனக்கு ஊராகக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் கேட்கவுமில்லை. உனக்கு நிஜமாகவே போகணும் என்று இருந்ததா நைனா? இல்லை, போகிற கப்பலைப் பார்ப்பதே உனக்குப் போதுமாக இருந்ததா?

கல்லறைத் திருநாளுக்கு உன்னிடம் வந்தோம், தெரிந்திருக்கும். அந்தோணி சுண்ணாம்பு அடித்தான், நான் சாமந்தி வைத்தேன், அவன் வீட்டுக்காரி மேரி மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஏற்ற ஏற்ற கடல் காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. டிக்கெட் எடுத்திருந்தேனே தவிர, கிளம்ப மனம் வரவில்லை. உன்னை இங்கே தனியாக விட்டுவிட்டுப் போகிறேன் என்ற நினைப்புதான் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. செத்தவரை விட்டுப் போவது என்ன பெரிய விஷயம் என்று யாராவது கேட்கலாம். ஆனால் வீட்டில் நீ உட்காருகிற நாற்காலியை ஒரு நாள் கூட நான் நகர்த்தியதில்லை.

அந்தோணிக்கு நான் போவது பிடிக்கவே இல்லை. காட்டுப்பள்ளியில் வெல்டிங் வேலை முடிந்து மணலி புதுநகருக்குப் போகிற வழியில், என்னிடம் சண்டை போடுவதற்கென்றே தினமும் ராயபுரம் வரைக்கும் சுற்றிக்கொண்டு வந்தான். உன் கல்லறைக்கு முன்னாலும் ஆரம்பித்துவிட்டான்.

"இன்னாக்கா நீ, பேஜாரு பண்ற. பினாங்குல அந்த ஊருக்குப் பேரே ஜார்ஜ் டவுனாம். நம்ம ஜார்ஜ் டவுனு இங்க பாரிமுனைல கீது. பஸ் ஏறுனா முடிஞ்சிது. அதுக்கு ஏரோபிளேனு வேற."

மேரி சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

"வூட்ட பூட்டிகினு நீ போய்ட்டா நைனா எங்க வந்து குந்துவாரு? சொல்லு."

நான் யாரிடமும் சொல்லாத பயத்தை அவன் நடுச்சந்தியில் போட்டு உடைத்துவிட்டான். சரி, போகவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவனே குரலை இறக்கி, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னான்.

"இப்ப இன்னா அவசரம்? அப்பால போலாம்."

குரல் உன் குரல் நைனா. அந்த இழுப்பு, அந்தத் தலையசைப்பு எல்லாம் நீதான். எனக்குச் சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை. சிரித்துச் சிரித்து உன் கல்லறைமேல் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன், சுண்ணாம்பெல்லாம் புடவையில் ஒட்டிக்கொண்டது. பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பயந்துபோய் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"ஆமாண்டா, அங்கதான் போறேன்" என்றேன். "நைனா சொன்ன ஊருக்கு."

கொஞ்ச நேரம் அவனுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவன் முகம் பாறைமேல் வேர்க்கடலையோடு உட்கார்ந்திருந்த முகமாக மாறியது. "எனக்கும் அதையேதான் சொன்னாரு" என்றான். "நான் சரின்னு வெய்ட் பண்ணிகினு கீறேன்." சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அணைந்த மெழுகுவர்த்தியை மறுபடி ஏற்றி, காற்றுக்குக் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டான்.

"நீ போக்கா. ஞாயித்துக்கெழம வந்து நான் வூட்ட தெறந்து வெக்கிறேன். நாற்காலிய எவனும் தொட மாட்டான். நைனாவ நான் பாத்துக்கறேன்."

இந்த முறை மெழுகுவர்த்தி அணையவில்லை. அவன் கையை எடுக்கவே இல்லை, அதனால்தான்.

நேற்று விடியற்காலையில் நீ கனவில் வந்தாய். கிரேன் கூண்டில் உட்கார்ந்திருந்தாய், கீழே நான் என் சூட்கேஸோடு நின்றேன். கொக்கியை மெதுவாக இறக்கி என் பெட்டியைத் தூக்கினாய். அது ஆடாமல் அசையாமல் கடலுக்கு மேலே போனது, அதில் எதுவும் கனமாக இல்லை. நீயும் ஏறிக்கொள் என்று நான் கத்தினேன். உனக்குக் கேட்கவில்லை போல, கையை மட்டும் அசைத்தாய்.

நைனா, ஒரு சத்தியம் செய்து தருகிறேன். பினாங்கில் சூரியன் கடலில் இறங்கும் என்று நூர்ஜஹான் சொல்கிறாள். நமக்குக் கடலிலிருந்து ஏறித்தானே பழக்கம்? அவளையும் கூட்டிக்கொண்டு சாயங்காலங்களில் அந்தக் கரைக்குப் போவேன். வேர்க்கடலை வாங்கிக்கொள்வேன். இந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன். பாறைகளும் துறைமுகமும் உன் நாற்காலியும், கல்லறையில் அந்தோணி ஏற்றுகிற மெழுகுவர்த்தியும் எல்லாம் அப்போது அந்தக் கடலுக்கு மறுபக்கத்தில் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற யாராவது, உங்களுக்கு எந்த ஊர் என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டுவேன்.

அப்பால, என்று சொல்லுவேன்.

கையசைத்தபடியே போகிற,
உன் மூத்த பொண்ணு
ரெஜினா