கழுத்துவரை பாசி

மார்ச் 4

அன்புள்ள வாலு,

இங்கே நலம். பக்கவாதம் வந்த உன் அத்தானின் வலது கையில் இன்னும் அசைவில்லை. கோபத்தில் மட்டும் குறைவில்லை.

புதுப் படம் அனுப்பியிருக்கிறேன். வழக்கம்போல் அவர் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, என்னை நானே எடுத்தது. பிறகு கம்ப்யூட்டரில் என் தோளை வெடித்த மண்சுவராக்கி, வெடிப்பில் புல் முளைக்க வைத்தேன். கழுத்துவரை பாசி. "உயிரோட இருக்கும்போதே புதைச்சுக்கிறியா?" என்றார் அத்தான். நல்ல விமர்சகர்!

கண்காட்சிக்கு என் படங்களை எடுத்துக்கொண்டார்கள். பத்து நாள் நானும் அங்கே இருக்க வேண்டுமாம். எப்படிப் போவது? என் கையால் ஊட்டினால்தான் இவர் வாயைத் திறக்கிறார்.

உன் அக்கா

மார்ச் 15

அக்கா,

படத்தைப் பார்த்தேன். புல் அவ்வளவு பச்சை, நீ அவ்வளவு வெளுப்பு.

மூன்று வருடமாக இதே பாட்டு. அத்தானைத் தூக்கிச் சாப்பிடும் பிடிவாதக்காரர்களுக்கெல்லாம் நான் ஆஸ்பத்திரியில் தினமும் ஊட்டுகிறேன். நர்ஸ் தங்கச்சி எதற்கு இருக்கிறேன்? விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் வந்து அவரைப் பார்த்துக்கொள்கிறேன், நீ கிளம்பு.

அதற்குமுன் ஒரு மதியம் பக்கத்து வீட்டு டீச்சரை உட்காரவைத்துவிட்டு வெளியே போ. நிஜப் புல்லில் நின்று ஒரு படம் எடு. உலகம் இடிந்துவிடாது.

வாலு

மார்ச் 27

அன்புள்ள வாலு,

சொன்னபடி செய்தேன். டீச்சரிடம் கஞ்சிக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுப் பூங்காவுக்குப் போனேன். புல்லில் நின்றேன். படத்தில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போலத் தெரிகிறேன். எங்கே வெடிப்பு வைப்பது, எதை முளைக்க வைப்பது, ஒன்றும் தோன்றவில்லை.

அரக்கப்பரக்கத் திரும்பினேன். கிண்ணம் காலி.

"சமர்த்தா சாப்பிட்டாரு. இன்னும் இருக்கான்னு கேட்டாரு," என்றார் டீச்சர்.

"என்னைத் தேடினாரா?"

"இல்லியேம்மா. நல்லா பேசிக்கிட்டிருந்தாரே."

சாயங்காலம் நான் ஊட்டப் போனபோது வாயை இறுக மூடிக்கொண்டார். கெஞ்சினேன். கொஞ்சம் கழித்துத் திறந்தார். அப்போது எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

என்னால் வர இயலாது என்று கண்காட்சிக்காரர்களுக்கு எழுதிவிட்டேன். படங்கள் போகட்டும், நான் எதற்கு?

விடுப்பை ரத்து செய்துவிடு. கோபப்படாதே. நீ வந்தால் உன் கையாலும் சாப்பிட்டுவிடுவார்.

அக்கா