கண்ணைப் பார்க்க வேண்டுமாம்

2016 பெப்ரவரி 9, செவ்வாய்
காலையில் முந்தல் பண்ணையில் ஒருவனை ஏசினேன். மருந்துத் தண்ணீரில் கால் கழுவாமல் இறால் குளத்தடிக்கு வந்துவிட்டான். "நோய் வந்தா நீயா பொறுப்பு?" என்று கத்தினேன். பின்னேரம் ஆஸ்பத்திரியில் நேர்ஸ் என்னை ஏசினார். குறைமாதப் பிள்ளைகளின் அறைக்குள் மோதிரமும் கைக்கடிகாரமுமாக மகளைத் தொடப் போனேனாம். ஏசியது சிங்களத்தில். எல்லாம் விளங்கியது, விளங்காத முகத்தோடு நின்றேன்.

ஏழாம் மாதத்திலேயே வந்துவிட்டாள். பெயர் வைத்தாயிற்று: பஹ்மா. கண்ணாடிப் பெட்டிக்குள் பெயரை விடச் சின்னதாகக் கிடக்கிறாள்.

பெப்ரவரி 14
இரத்தத்தில் கிருமியாம். யா அல்லாஹ், என்ட கையாலயா? மனைவி சுல்பாவிடம் கேட்டே விட்டேன். "உங்களத்தான் அந்த நேர்ஸ் தொடவே விடல்லயே" என்றாள். ஆறுதல் சொல்கிறாளா, குத்துகிறாளா?

பெப்ரவரி 27
கிருமி அடங்குகிறது. ஒட்சிசனும் குறைத்துவிட்டார்கள். இனிக் கண்ணைப் பார்க்க வேண்டுமாம். மாதம் நிறைந்து பிறந்திருந்தால் வயிற்றுக்குள்ளேயே வளர்ந்து முடிந்திருக்கும் இரத்த நரம்புகள், கண்ணுக்குப் பின்னால் இன்னும் வளர்கின்றனவாம். கிருமியும் ஒட்சிசனும் சேர்ந்தால் அவை தாறுமாறாக வளர்ந்து பார்வையையே பறிக்கலாம் என்றார் டொக்டர். எனக்கு எல்லாம் விளங்கியது போலத் தலையாட்டினேன். வெளியே வந்து சுல்பாவிடம் கேட்டேன்: "என்ன சொன்னாரு?"

மார்ச் 24
வீட்டுக்கு வந்துவிட்டாள்! ஆஸ்பத்திரியில் இரண்டு முறை கண் பார்த்தார்கள், நரம்புகள் இன்னும் முதிரவில்லையாம். புதன்கிழமை கொழும்பில் மறுபடி காட்ட வேண்டும்.

மார்ச் 26
புதன்கிழமைதான் குளத்தில் இறால் பிடிக்கிறோம். சுல்பாவின் உம்மா, என் மாமியோ, பிள்ளையை வெளியே எடுக்கக்கூடாது என்கிறார். "நாப்பது நாள் முடிஞ்சிட்டுதே, மாமி" என்றேன். "ஊட்டுக்கு வந்த நாள்ள இருந்துதான் எண்ணணும்" என்றார். எனக்கு அந்தக் கணக்கு வசதியாக இருந்தது. நானும் சேர்ந்துகொண்டேன்: "கண் நல்லாத்தானே இருக்கு. என்னையே பாத்துட்டு இருக்கா."

சுல்பா பால் கொடுத்தபடியே நிமிர்ந்தாள். "நீங்க இறாலுக்கு டொக்டரா, கண்ணுக்கு டொக்டரா? வராட்டிச் சொல்லுங்க, நான் பஸ்ல போறன்."

மாமி மெல்லக் குசினிக்குப் போய்விட்டார். கூட்டணி அவ்வளவுதான்.

மார்ச் 30, புதன்
கொழும்பு. கண்ணில் மருந்து விட்டார்கள். சிறு கம்பியால் இமையை விரித்துப் பிடித்தார்கள். அவள் வீரிட்டாள்—பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. விழித்தபோது வாங்குப் பலகையில் கிடந்தேன். ஒரு நேர்ஸ் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு இல்லை, எனக்கு! சுல்பா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு டொக்டரிடம் தனியாகக் கதைத்துவிட்டு வந்தாள்.

இரண்டு கண்ணிலும் நரம்பு பிழையாக வளர்ந்திருக்கிறது. நாளைக்கே லேசர். அடுத்த கிழமை வந்திருந்தால் ஒன்றும் செய்ய ஏலாமல் போயிருக்கலாமாம்.

ஒன்றும் செய்ய ஏலாது. நான் இறால் பிடிச்சிட்டு இருந்திருப்பன். அவ இருட்டுக்குள்ள—

எழுத ஏலாது.

மார்ச் 31
முடிந்தது. இமைகள் வீங்கியிருக்கின்றன. நான் மயங்கவில்லை. என்னை உள்ளேயே விடவில்லை.

ஏப்ரல் 21
நரம்புகள் அடங்கிவிட்டனவாம். அல்ஹம்துலில்லாஹ். மாமி பக்கத்து வீட்டில் சொல்கிறார்: "நான்தான் கொழும்புக்குக் கொண்டு போகச் சொன்னன்." நான் மறுக்கவில்லை. அதையே நானும் பண்ணையில் என் பெயரில் சொல்லி வைத்திருக்கிறேன்.

2017 மார்ச் 12, ஞாயிறு
பஹ்மாவுக்குக் கண்ணாடி வந்தது. கிட்டப் பார்வையாம், இப்படிப் பிறந்த பிள்ளைகளுக்கு வருவதுதானாம். தலைக்குப் பின்னால் இழுத்துக் கட்டும் சின்னக் கண்ணாடி. போட்டுவிட்டதும் அசையாமல் இருந்தாள். கூரையைப் பார்த்தாள், உம்மாவைப் பார்த்தாள், பகல் சோறு தின்றுகொண்டிருந்த என்னை வெகுநேரம் பார்த்தாள். பிடிக்கவில்லை போலும். கழற்றி எறிந்தாள். நேரே என் மீன் ஆணத்துக்குள் விழுந்தது.

கழுவி மாட்டிவிட்டு, பாயின் மறுமூலைக்கு மாறி உட்கார்ந்தேன். அங்கேயும் வந்து விழுந்தது.